காட்டாத தெருக்கள்

கைப்பைக்குள் அப்பாவின் தொலைபேசி அதிர்ந்தபோது நெரீனா நடைமேடையின் முனையில் நின்றுகொண்டிருந்தாள். யார் என்று பார்க்கத் தேவையில்லை. வெனிஸ் பக்கமிருந்து வரும் ரயில் குன்றைக் குடைந்து வெளியேறி, வலப்புறம் கடல் திறந்துகொள்ளும் இடத்தை எட்டியிருக்கும். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த இடத்திலிருந்துதான் அந்த அழைப்பு வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அப்பா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து சமையலறை ஜன்னலுக்குப் போவார்.

அதிர்வு நின்றது. மறுபடி தொடங்கியது. இந்த முறை எடுத்தாள்.

"கடல் வந்தாச்சு," என்றது ஒர்னெல்லாவின் குரல். "இங்க நல்ல பச்சை. கரையோரம் மட்டும் கொஞ்சம் பழுப்பு. அங்க என்ன நிறம்?"

"நான் நெரீனா பேசறேன்."

"ஓ. நீயாம்மா. அவரு எங்க, தூங்கறாரா?"

பக்கத்து நடைமேடையில் ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு உதினே ஊருக்குப் போகும் ரயிலில் ஏறினார். நெரீனா அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரால ஜன்னல்கிட்ட வர முடியல," என்றாள்.

"முட்டிதானே. நான் சொன்ன தைலத்தை வாங்கவே மாட்டாரு. சரி, நீ பார்த்துச் சொல்லு. என்ன நிறம்?"

நடைமேடையிலிருந்து கடல் தெரியாது. பழைய சரக்குக் கிடங்குகளின் முதுகுதான் தெரியும்.

"சாம்பல்."

"பார்த்தியா, உங்க பக்கம் எப்பவுமே வேற நிறம்தான்," என்று ஒர்னெல்லா சிரித்தாள். "வெச்சுடறேன். வந்துட்டேன்னு சொல்லிடு."

அப்பா அன்று காலை இறந்திருந்தார். குளியலறை நாற்காலியில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தவர், ஒரு கன்னம் முடிந்ததும் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, "கொஞ்சம் இரு," என்று நெரீனாவிடம் சொன்னார். அவ்வளவுதான். மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, நுரை காய்ந்திருந்த மறு கன்னத்தை அவளே மழித்துவிட்டாள்.

புரூனா பெரியம்மா கீழ்மாடியிலிருந்து ஏறி வந்து முதலில் ஜன்னல்களைத் திறந்தாள். அடுத்து அந்தப் பேச்சை எடுத்தாள். "அந்த மாந்தோவாக்காரிக்கு போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லு. வெள்ளிக்கிழமை கல்லறைக்கு வரட்டும், ஊர்ல எல்லாரும் வர்ற மாதிரி. பின் வரிசையில நிக்கட்டும். இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்." பெரியம்மா நெரீனாவுடைய அம்மாவின் அக்கா. அம்மா போய் ஏழு வருடமாகியும் தங்கையின் வீட்டுச் சாவியைத் திருப்பித் தராதவள்.

நெரீனா சரியென்று தலையசைத்தாள். ஆனால் ரயில் ஏற்கெனவே கிளம்பியிருந்தது.

அப்பா லிவியோ துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். அது அவருக்குக் கொடுத்தது ஓய்வூதியமும் கேட்காத இடது காதும் தேய்ந்த முட்டிகளும். முட்டிக்காக மூன்று வருடத்துக்கு முன் அரசுச் செலவில் அபானோவுக்குச் சேற்றுச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். பக்கத்துக் கட்டிலில் கழுத்துவரை வெந்நீர்ச் சேற்றைப் பூசிக்கொண்டு கிடந்தவள்தான் ஒர்னெல்லா. மாந்தோவாவில் நூல்கண்டுக் கடை வைத்திருந்தவள், கணவனை இழந்தவள், அறுபத்தைந்து வயதுவரை கடலில் கால் நனைக்காதவள். "முகத்தைக் கழுவினப்புறம்தான் ஆள் யாருன்னே தெரிஞ்சுது," என்று அப்பா ஊர் திரும்பியதும் சொன்னார். நெரீனா சிரிக்கவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் சொல்லவிருந்தார் என்பது தெரிந்து, முந்திக்கொண்டாள். "எங்க வேணும்னாலும் பார்த்துக்கோங்கப்பா. அம்மா படுத்த வீட்டுக்கு மட்டும் வேண்டாம்."

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, நேற்றிரவு வரை. நேற்றிரவு தலையணையைச் சரிசெய்ய அவள் குனிந்தபோது, "நாளைக்கு அவ வருவா. ஸ்டேஷனுக்கு என்னால போக முடியாது. நீ போய் இங்க கூட்டிட்டு வா," என்றார்.

"பார்க்கலாம்ப்பா," என்றாள் நெரீனா.

ரயில் மெதுவாக வந்து நின்றது. ஒர்னெல்லா கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினாள். குட்டையான, அகலமான பெண். ஒரு கையில் சிறிய பெட்டி, மறு கையில் மீன்காரர்கள் வைத்திருப்பதைப் போன்ற குளிர்ப்பெட்டி. நெரீனாவைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டு, அவளுக்குப் பின்னால், நடைமேடையின் மூன்றாவது தூணைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

இருவரும் இதற்கு முன் இரண்டு முறைதான் சந்தித்திருந்தார்கள், இரண்டும் கடைத்தெருவில் தற்செயலாக.

"இன்னிக்குக் காலைல," என்றாள் நெரீனா. வாக்கியம் அதற்கு மேல் போகவில்லை.

ஒர்னெல்லா குளிர்ப்பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கை மாற்றிக்கொண்டாள்.

"காலைலன்னா எப்ப?"

"பத்து மணி இருக்கும். ஷேவ் பண்ணிட்டிருந்தாரு."

"பத்து மணிக்கு நான் வெரோனாவுல இருந்தேன். அங்க வண்டி மாறணும்." கொஞ்ச நேரம் யோசித்தாள். "நின்னு நிதானமா காபி குடிச்சேன். பன்னு ஒண்ணு சாப்பிட்டேன்."

நெரீனா கைப்பையைத் தோளில் ஏற்றி மாட்டிக்கொண்டாள்.

"போன்ல ஏன் சொல்லல?"

"நீங்க தனியா இருந்தீங்க."

"பெட்டி நிறைய ஆளுங்க இருந்தாங்க," என்றாள் ஒர்னெல்லா. குரலில் கோபம் இல்லை, தகவல் சொல்வதுபோல் இருந்தது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். பெரிய நிலையத்தில் மத்தியான நேரம் எல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. அவள் அழுதாளா என்று நெரீனாவால் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள், மறுபடி கழற்றித் துடைத்தாள்.

"இதை ஃப்ரிட்ஜ்ல வெக்கணும்," என்றாள் கடைசியில். "தொர்தெல்லி. மாவுக்குள்ள பூசணிக்காய்ப் பூரணம். இனிப்பா இருக்குன்னு போன தடவை முகத்தைச் சுளிச்சாரு. அதான் சர்க்கரை பிஸ்கட்டைக் குறைச்சுப் போட்டேன். நீ எடுத்துட்டுப் போ. நான் எப்பவும் தங்கற ரூமுக்குப் போறேன். அடக்கம் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"அங்க வந்துடறேன். எந்த வழின்னு மட்டும் சொல்லு."

பெரியம்மா கேட்டது அப்படியே கைக்கு வந்துவிட்டது. நெரீனா குளிர்ப்பெட்டியை வாங்கிக்கொண்டால் போதும்.

"அவரைப் பார்க்க வேண்டாமா?"

"எங்க இருக்காரு?"

"வீட்லதான். நாளைக்குச் சாயங்காலம்தான் கொண்டுபோவாங்க."

ஒர்னெல்லா தலையை இல்லையென்று அசைத்தாள். "வீட்டுக்கு எப்படி வர்றது? அது கடைசின்னுல்ல சொன்னாரு."

"எது கடைசி?"

"உனக்குத் தெரியாதா?" ஒர்னெல்லா அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். "உங்கப்பா எனக்கு ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் காட்டினாரு. ஒரு தடவைக்கு ஒரு தெரு, இல்ல ஒரு முனை. ஒரு தடவை முழுக்க அந்தக் கப்பல் மேடையில, கயிறு கட்டற இரும்பு வளையம் ஒண்ணைத்தான் காட்டினாரு. அதுல என்னைக் கால் வெச்சு நிக்கச் சொல்லி, இப்ப காத்து எங்கேருந்து வருதுன்னு கேட்டாரு. மத்த இடத்துக்கு நான் தனியாப் போகக் கூடாது. தப்பித்தவறி வழியில வந்துட்டா கண்ணை மூடிக்கணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டிட்டா அப்புறம் நீ எதுக்கு வருவேன்னு கேப்பாரு. எழுபது வயசுல ஒரு ஆளு பேசற பேச்சா அது?"

"அப்பாவா?"

"கப்புச்சினோ கேட்டா இங்க விரல் நீளக் கோப்பையிலதான் தருவாங்கன்னுகூடச் சொல்லித் தரல. மூணு தடவை ஏமாந்தேன். ஓரமா நின்னு ரசிப்பாரு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கடைசிக்கு முந்தினது சான் ஜூஸ்தோ குன்று, அதை இன்னும் காட்டல. கடைசி உங்க வீடு. வீட்டையும் காட்டிட்டா ஊரு தீர்ந்துபோகும், அதனால அது எல்லாத்துக்கும் அப்புறம்னு சொல்லி வெச்சிருந்தாரு."

அப்பா அவளிடம் அப்படிச் சொல்லி வைத்திருந்தார். மூன்று வருடமாக, வேண்டாம் என்று சொன்ன மகளின் பெயர் அதில் வரவே இல்லை.

நெரீனா குளிர்ப்பெட்டியை எடுத்துக்கொண்டாள். மறு கையால் ஒர்னெல்லாவின் பெட்டியையும் எடுத்தாள்.

"நேத்து ராத்திரி சொன்னாரு," என்றாள். "ஸ்டேஷனுக்குப் போய் உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வான்னு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னு சொன்னேன்."

ஒர்னெல்லா எழுந்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் ஒர்னெல்லா உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் வெளியே பார்த்தபடி வந்தாள். தெரிந்த இடங்கள் வரும்போது கண்ணாடியில் விரலை வைத்தாள்: கால்வாய் முனை, வேகவைத்த பன்றி இறைச்சியை ஆவி பறக்க வெட்டித் தரும் கடை, தொப்பிக் கடை. கொல்தோனி சதுக்கம் வந்ததும் சட்டென்று குனிந்து மடியைப் பார்த்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நெரீனா தோளைத் தொடப் போனாள். பிறகுதான் வெளியே பார்த்தாள். சான் ஜூஸ்தோ குன்றுக்கு ஏறும் அகலமான படிக்கட்டு, சுரங்க வாயிலுக்கு மேலே, ஜன்னல் நிறைய நின்றது. சுற்றுலாப் பயணிகள் அதன் முதல் படியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"போயிடுச்சா?" என்றாள் ஒர்னெல்லா.

"இன்னும் இல்ல. சிக்னல்."

பச்சை விழுந்தது. பேருந்து சுரங்கத்துக்குள் நுழைந்ததும், "இப்ப திறக்கலாம்," என்றாள் நெரீனா.

சான் ஜாக்கொமோவில் அவர்களின் கட்டடத்துக்கு மின்தூக்கி கிடையாது. நான்கு மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒர்னெல்லா நின்று மூச்சு வாங்கினாள். "இதை ஏறி இறங்கிட்டுத்தான் எனக்கு முட்டி வலின்னு சொல்லுவாரா?" என்றாள் மூன்றாவது மாடியில்.

கதவைப் பெரியம்மா திறந்தாள். கறுப்பு உடை, கையில் ஜெபமாலை. ஒர்னெல்லாவை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, நெரீனாவிடம் பேசினாள்.

"வர வேண்டாம்னு சொல்லச் சொன்னா, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கே. கூடவே மீன் வேறயா?"

"பூசணிக்காய்," என்றாள் ஒர்னெல்லா.

"லிடியா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சுட்டேன். பாவம், அவ இதெல்லாம் பார்க்க வேண்டாம்."

நெரீனா படுக்கையறைக்குப் போய், அலமாரி மேலிருந்த அம்மாவின் படத்தை எடுத்து, முன்பிருந்தபடி வைத்தாள். "பார்க்கட்டும் பெரியம்மா," என்றாள்.

கூடத்தில் ஒர்னெல்லா தரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். கண்களை மூடவில்லை, ஆனால் தூக்கவும் இல்லை. யாராவது சொல்லட்டும் என்று காத்திருப்பது தெரிந்தது. பெரியம்மாவுக்கு இது விளங்கவில்லை. "என்ன, தரையில எதையாவது தொலைச்சுட்டாளா?"

நெரீனா குளிர்ப்பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பிறகு, "இங்கதான் ஷூவைக் கழட்டுவாரு," என்றாள். "வரிசையா வைக்க மாட்டாரு. இந்த ஆணியில தொப்பி. இந்த நாற்காலியில யாரையும் உட்கார விடமாட்டாரு, ஆனா அவரும் உட்கார மாட்டாரு. செய்தித்தாள் அடுக்கி வைக்கத்தான்." ஒர்னெல்லா ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. நாற்காலியின் முதுகை உள்ளங்கையால் தொட்டாள்.

சமையலறைக்கு வந்ததும், "அந்த ஜன்னலா?" என்றாள்.

"ஆமா."

அவள் போய் நின்றாள். எதிரே மஞ்சள் கட்டடம், பக்கத்தில் துணி காயும் பால்கனிகள். இரண்டுக்கும் நடுவே, இரண்டு விரல் அகலத்துக்கு, கடல்.

"எங்க?" என்றாள் ஒர்னெல்லா.

நெரீனா கையை நீட்டிக் காட்டினாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதை வெச்சுக்கிட்டா? நடுவுல நீலம், தெற்குல சாம்பல், கலங்கரைவிளக்குக்குக் கீழ வெள்ளி மாதிரின்னு மூணு வருஷமா எனக்குச் சொன்னாரே. ஒரு கப்பல் ரெண்டு பாய் விரிச்சுப் போகுதுன்னாரு. இதுல ஒரு பாய்கூடக் கொள்ளாது." அவள் சிரிக்கத் தொடங்கினாள். வயிறு குலுங்க, கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியம்மா வாசலில் வந்து நின்று பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நின்றுபோனது. தொட்டியைப் பிடித்த கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.

"சாம்பல்தான்," என்றாள் சற்றுப் பொறுத்து. "நீ சொன்னது சரி."

அம்மா இருந்த கட்டிலில் அப்பா படுத்திருந்தார், சாம்பல் நிறக் கோட்டு சூட்டில், கைகளைச் சேர்த்து. பெரியம்மா இடப்புறம் ஒரு நாற்காலி போட்டுவிட்டு, தான் கால்மாட்டில் காவல்போல் உட்கார்ந்துகொண்டாள். ஒர்னெல்லா நாற்காலியைப் பார்த்தாள். அதைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வலப்புறம் போனாள்.

"அங்க என்ன கெட்டுப்போச்சு?" என்றாள் பெரியம்மா.

"அந்தப் பக்கம் அவருக்குக் காது கேக்காது."

"எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷம் இந்தக் காதுகிட்டதானே கத்தினேன்."

"நான் மூணு வருஷமும் இந்தப் பக்கமாவே நடந்துட்டேன்," என்றாள் ஒர்னெல்லா, உட்கார்ந்தபடி.

கீழே பள்ளி விட்டுப் பிள்ளைகள் போகும் சத்தம் வந்தது. ஒர்னெல்லா விரல் முதுகால் அவர் கன்னத்தைத் தடவினாள், பிறகு மறு கன்னத்தை.

"இந்தப் பக்கம் நீயா எடுத்துவிட்டே?" என்று நெரீனாவிடம் கேட்டாள்.

"ஆமா. எப்படித் தெரியும்?"

"மேலேருந்து கீழ இழுத்திருக்கே. அவரு கீழேருந்து மேலதான் இழுப்பாரு. தப்புன்னு சொன்னாக் கேக்க மாட்டாரு."

பெரியம்மாவின் விரல்கள் ஜெபமாலையில் நின்றன. ஒரு மனிதன் எப்படி முகம் மழிக்கிறான் என்பது யாருக்குத் தெரியும் என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. நெரீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மணிகள் மறுபடி நகரத் தொடங்கின; ஜெபம் முன்னைவிடச் சற்று உரக்க வந்தது. சில நிமிடங்களில் ஒர்னெல்லாவும் சேர்ந்துகொண்டாள். அவள் மாந்தோவாக்காரி, ஜெபத்தின் முடிவை வேறு ராகத்தில் இழுத்தாள். பெரியம்மா இரண்டு முறை திருத்தினாள். மூன்றாவது முறை விட்டுவிட்டாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ஒர்னெல்லா எழுந்து குனிந்தாள். அவருடைய வலது காதருகே ஏதோ சொன்னாள். நெரீனாவுக்குக் கேட்கவில்லை. பெரியம்மாவுக்குக் கேட்டிருக்கலாம். அவள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் நெரீனா அவளுக்குக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இங்கயே தங்குங்களேன். என் ரூம் இருக்கு."

"வேண்டாம்மா. அவரு வீட்டைக் காட்டச் சொன்னாரு. தங்கச் சொல்லலையே."

"அப்படின்னா நாளைக்குக் காலைல நான் வந்து கூட்டிட்டுப் போறேன். சான் ஜூஸ்தோ மேல. அங்கேருந்து எல்லாம் தெரியும். ஊரு, கடலு, எல்லாமே."

ஒர்னெல்லா பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு பொத்தானில் விரல்கள் நின்றன.

"வேண்டாம்மா," என்றாள். "அது இருக்கட்டும்."

பொத்தானை மாட்டி முடித்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம்?" என்றாள் நெரீனா.

"செவ்வாய்க்கிழமை," என்றாள் ஒர்னெல்லா, வாசலைத் தாண்டிக்கொண்டே.

மாடிப்படி விளக்கு அந்தக் கட்டடத்தில் அதிக நேரம் எரியாமல் தானே அணைந்துவிடும். சிக்கனத்துக்காக அப்படி வைத்திருந்தார்கள். இளவட்டங்கள் ஓடி இறங்கும் நேரத்துக்குத்தான் சரியாக இருக்கும். நெரீனா சுவரில் பொத்தானை அழுத்தினாள். ஒர்னெல்லா கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து இறங்கினாள். இப்போது அவள் தலை குனிந்திருக்கவில்லை. திருப்பத்தில் நின்று, கதவுகளில் இருந்த பெயர்களையும், யாரோ பூட்டி வைத்திருந்த சைக்கிளையும், காரை பெயர்ந்த சுவரையும் பார்த்தாள். அவள் இரண்டாவது மாடியை அடைவதற்குள் விளக்கு அணைந்தது. நெரீனா மறுபடி அழுத்தினாள். கீழே நின்றிருந்த காலடி மீண்டும் கிளம்பியது.

"கதவைச் சாத்து," என்று உள்ளேயிருந்து பெரியம்மா சொன்னாள். "குளிர் வருது."

"இதோ, பெரியம்மா."

அவள் சாத்தவில்லை. விரலைப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டு, கைப்பிடிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். இப்போது ஒரு தோளும் பெட்டியின் மூலையும் மட்டுமே தெரிந்தன. பிறகு அதுவும் இல்லை. தெருக்கதவு திறந்து சாத்திக்கொள்ளும் சத்தம் நான்கு மாடி ஏறி வந்தது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அது அணையப்போகும் நேரத்தில் நெரீனா இன்னொரு முறை அழுத்தினாள்.